பேய் கேட்ட பரீட்சை

எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று எங்கள் வீட்டில் முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அன்று நான் சாப்பிடவில்லை, தலை சீவவில்லை, என்னைப் பெற்ற ஆத்தா இரண்டு முறை கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு முந்தைய எட்டு நாட்களும் ஏறக்குறைய இப்படித்தான் போயிருந்தன. ஆனால் அன்று ஆத்தா மிளகாய் வற்றலும் கல்லுப்பும் முச்சந்தி மண்ணும் எடுத்து என் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். யாருக்கும் இருமல் வரவில்லை. நெடி இல்லையென்றால் கண்பட்டிருக்கிறது என்பார்கள். ஆத்தா அதற்கும் ஒரு படி மேலே போனாள்.

"இது கண்ணு இல்ல, காத்து. உச்சிப்பொழுதுல புளியமரத்துப் பக்கம் போயிருக்கா."

போனது உண்மைதான். இலுப்பூரில் இருந்த என் பள்ளிக்கூடத்துக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே இருந்த ஒரே பாதை அந்தப் புளியமரத்தடி வழியாகத்தான் போயிற்று. ஐந்து வருஷமாக தினம் இரண்டு முறை அதைக் கடந்திருக்கிறேன். அப்போது பதினோராம் வகுப்பு; அந்தக் காலத்தில் அதுதான் பள்ளியின் கடைசி வகுப்பு. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு நாலு மாதம் இருந்தது. வகுப்பில் பெண்கள் மொத்தம் நாலு பேர்.

நடந்தது இதுதான். எங்கள் பள்ளியில் எனக்கு ஒரு வருஷம் முன்னால் படித்து முடித்து, திருச்சிக்குக் காலேஜ் படிக்கப் போன ஒருவனை நான் விரும்பினேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பள்ளிக்கூடம் விட்டு வரும் பெண்கள் எங்களோடு கண்மாய்க் கரை வரை நடந்து வருவான். கணக்குப் பாடத்துக்காக அவன் எனக்குக் கொடுத்திருந்த மடக்கை (லாகரிதம்) அட்டவணைப் புத்தகத்துக்குள் வைத்து நாலு கடிதங்கள் கொடுத்திருந்தேன். கார்த்திகையில் அந்தப் புத்தகம் திரும்பி வந்தது. உள்ளே என் நாலு கடிதங்களும் இருந்தன. அவன் எழுதியது ஒரு வரிகூட இல்லை. அதே வாரம் அவனுக்கு அத்தை மகளைப் பேசி முடித்துப் பரிசம் போட்டார்கள். புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தவள் அவன் தெருவிலேயே இருந்த என் வகுப்புத் தோழி. அவளைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது.

ஆகவே வைத்தியம் தொடங்கியது. மந்திரித்த கயிறு கட்டினார்கள். பள்ளிவாசலில் ஓதி ஊதிய தண்ணீரை மூன்று வெள்ளிக்கிழமை குடித்தேன். பிறகு அப்பா என்னையும் ஆத்தாவையும் புதுக்கோட்டைக்கு பஸ்ஸில் கூட்டிப்போய் என்னை ஒரு டாக்டரிடம் காட்டினார். அப்பா கடலைக் கமிஷன் கடை வைத்திருந்தவர். எதற்கும் இரண்டு இடத்தில் விலை கேட்பவர். டாக்டர் என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நாடி பார்த்தார், முழங்காலில் தட்டிப் பார்த்தார். என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று. அதற்கும் பதிலை ஆத்தாவே சொன்னாள்.

"ஹிஸ்டீரியா. பயப்படாதீங்க. காலாகாலத்துல கல்யாணத்தைப் பண்ணி வைங்க, தானாச் சரியாப் போகும்" என்றார் டாக்டர்.

வேளைக்கு இவ்வளவு என்று காகிதம் வெட்டி ஒட்டிய பாட்டிலில் ரோஸ் நிற மிக்சர் ஒன்று கொடுத்தார்கள். குடித்தால் தூக்கம் வந்தது. விழித்தால் முன்பு இருந்த இடத்திலேயே இருந்தேன்.

பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினார்கள். "தெளிஞ்சதும் போகலாம்" என்றார் அப்பா. தெளிந்துவிட்டதா என்று பார்ப்பது ஆத்தாவின் வேலை. என் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவளுக்கே கண் கலங்கிவிடும்.

மார்கழிப் பட்டத்துக்கு விதைக்கடலை உடைக்கும் சமயம் அது. தோழி தினமும் சாயங்காலம் நாலரைக்கு வந்து, என் முன்னால் முறத்தைப் போட்டு உட்கார்ந்து உடைப்பாள். ஆத்தாவுக்கு அதனால் ஒரு வேலை மிச்சம். அதனால் அவளை யாரும் போகச் சொல்லவில்லை. அவள் என்னை மறக்கச் சொல்லவில்லை, அவனைத் திட்டவும் இல்லை. என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னேன். மறுநாளும் கேட்டாள்.

"ஒன்னத்தான் கட்டுவேன்னு சொன்னானா?"

"சொன்னான்."

"எங்க வச்சு?"

"கண்மாய்க் கரையில."

"என்ன வார்த்தை சொன்னான்? அதை அப்படியே சொல்லு."

யோசித்தேன். யோசிக்க நேரமாயிற்று. "படிப்பு முடியட்டும், பாக்கலாம்னான்."

"பாக்கலாம்னா கட்டுறேன்னு அர்த்தமாடி? எங்க ஐயாகிட்ட யாரு வந்து மாடு கேட்டாலும் பாக்கலாம்னுதான் சொல்லுவாரு. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் குடுத்தது இல்ல."

ஒரு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அவள் கடலை உடைப்பதை நிறுத்தவில்லை.

நாலாம் நாள், அவன் கடைசியாக வந்தபோது வெள்ளைச் சட்டை போட்டிருந்தான் என்றேன். "நேத்துப் பச்சைன்னே. அழுவுறதுன்னா அழு. பொய்யச் சேத்து அழுவாத" என்றாள்.

பின்னாளில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தேன். யார் சொன்னது, யாரிடம், எந்த வார்த்தையில் என்று கேட்காமல் ஒரு பத்தியையும் அச்சுக்கு அனுப்பக்கூடாது என்று அங்கே சொல்லித் தந்தார்கள். எனக்கு அது புதிதாக இல்லை.

மார்கழி பிறந்து நாலைந்து நாளில் தோழி வேறொரு செய்தியோடு வந்தாள். "ஹெட்மாஸ்டர் சொல்லச் சொன்னாரு. பொங்கல் கழிச்சு வரலைன்னா ஒம் பேரு பரிச்சைக்குப் போகாதாம்."

அடுத்த வருஷம் எழுதலாமே என்று இன்று படிப்பவர்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் பெண்ணுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது. தாய்மாமன் மகன் ஒருவன் காத்திருந்தான். டாக்டர் சொன்னதை அப்பா மாமாவிடம் சொல்ல, மாமா தையில் முகூர்த்தம் பார்க்கத் தொடங்கிவிட்டார். ஆனால் காத்துக் கருப்போடு ஒரு பெண்ணை அவர் வீட்டுக்குக் கூட்டிப்போக முடியாது. அதற்கு முன் அதை இறக்கிவிட வேண்டும். விராலிமலைப் பக்கமிருந்து பேயோட்டும் கோடாங்கி ஒருவரை அழைத்து வந்தவர் அவர்தான்.

கோடாங்கி ஒல்லியான மனிதர். வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு எங்கள் வீட்டு முற்றத்தில் கோலம் போட்டு, விளக்கேற்றி, என் தலைமுடியை அவிழ்த்துவிட்டு நடுவில் உட்காரவைத்தார். உடுக்கையை எடுப்பதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் பத்திரப்படுத்திக்கொண்டார். சுற்றிலும் தெருப் பெண்கள் இருபது பேராவது இருப்பார்கள். தோழியும் இருந்தாள்.

வழக்கம் இதுதான்: உடுக்கை அடிக்க அடிக்கப் பேய் ஆடும். ஆடிக்கொண்டே தன் பெயரையும் ஊரையும் சொல்லும். என்ன ஆசையோடு செத்தது என்று சொல்லும். கேட்டதைக் கொடுப்பதாக வீட்டுக்காரர்கள் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வார்கள். பெரும்பாலும் கருங்கோழி, சுருட்டு, சாராயம் என்றுதான் கேட்கும். கொடுத்த பிறகு அந்தப் பெண்ணின் உச்சிமுடியில் ஒரு கொத்தை அறுத்துப் புளியமரத்தில் ஆணி வைத்து அறைந்துவிடுவார்கள். பேய் அதன் பிறகு அந்த மரத்தை விட்டு வராது. எங்கள் ஊர்ப் புளியமரத்தில் அப்படி ஏழெட்டு ஆணிகள் இருந்தன.

அரை மணி நேரம் காதருகில் உடுக்கை அடித்தால் யாருடைய தலையும் ஆடும். என் தலையும் ஆடியது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் மனம் தெளிவாக இருந்தது. ஓரத்தில் ஒரு பெண் தன் குழந்தைக்கு முறுக்கை ஒடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது வரை பார்த்தேன்.

"யாரு நீ?" என்றார் கோடாங்கி.

என் பெயரைச் சொன்னேன்.

வேப்பிலையால் தோளில் ஒரு அடி விழுந்தது. "பொய் சொல்லுது. எந்த ஊரு?"

"இதே ஊரு."

"எந்த மரத்துல இருந்தே?"

"மரத்துல இல்ல. பதினோராம் வகுப்புல இருந்தேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். "வெவரமான பேயாவுல இருக்கு!" என்றது ஒரு குரல்.

"பேயில்ல, நான்தான் பேசுறேன். ஆத்தா, நான்தான்" என்றேன். ஆத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோடாங்கி சபையைப் பார்த்துச் சொன்னார்: "எல்லாம் முதல்ல இப்படித்தான் சொல்லும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் பேய் இல்லை என்று சொன்னாலும் சொல்வது பேய்தான். நானாக என்ன சொன்னாலும் அந்த முற்றத்தில் அதைக் கேட்க ஆள் இல்லை.

"சரி. என்னதான் வேணும் ஒனக்கு?" என்று கத்தினார் அவர்.

அந்தக் கேள்வியை இரண்டு மாதத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. டாக்டர் கேட்கவில்லை, அப்பா கேட்கவில்லை. கேட்டவர் யாரை நினைத்துக் கேட்டாலும் பதில் என்னிடம் இருந்தது.

"பரிச்சை எழுதணும்."

உடுக்கை நின்றது. கோடாங்கி இதற்கு முன் இப்படி ஒன்றைக் கேட்டிருக்கமாட்டார். அந்த அமைதியில்தான் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள்: "ஆத்தாடி! இது வாத்தியார் மகள்ல!"

ஆரம்பப் பள்ளி வாத்தியாரின் மகள் அதற்கு முந்தைய வருஷம், பரீட்சைக்குப் பத்து நாள் முன்னால், கிணற்றில் விழுந்து இறந்துபோயிருந்தாள். வழுக்கி விழுந்தாள் என்று ஊர் சொன்னது. அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்ததும் ஊர்தான். எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவள். கூர்மையான கையெழுத்து. அவளோடு நான் அதிகம் பேசியதுகூட இல்லை.

முற்றம் முழுக்க அவள் பெயராகிவிட்டது. "பரிச்சை எழுதாமச் செத்துச்சுல்ல, அந்த ஏக்கம்." "அதான் நெடி வரல." "பாவம்யா, பச்சப் புள்ள." நான் "இல்லை" என்றேன். மூன்று தடவை சொன்னேன்.

"பரிச்சை எழுதுனா எறங்கிருவியா?" என்று கேட்டார் கோடாங்கி.

முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கத் தலையை உதறினேன்.

"தலையாட்டுச்சு, தலையாட்டுச்சு!" என்றார் மாமா. அவருக்குத் தை முகூர்த்தம் கைநழுவுவது தெரிந்திருக்கும். ஆனால் இருபது பேர் முன்னால் பேயோடு யார் வழக்காடுவது? அப்பா, எரிந்துகொண்டிருந்த சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். மகளுக்குத் தராததைப் பேய்க்குத் தருவதாகச் சத்தியம் செய்தார். பரீட்சை முடிந்து, முடிவு வந்ததும் முடியை அறுத்து அறைவது என்று பேச்சு.

பொங்கல் கழிந்த திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனேன்.

வீட்டில் எல்லாரும் மாறிப்போனார்கள். ஆத்தா "சாப்புட வாங்க" என்றாள். படிக்க உட்கார்ந்தால் யாரும் பக்கத்தில் வருவதில்லை, கடைக்கு ஓடு, தண்ணீர் எடு என்று ஏவுவதும் இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரு தடவையாவது, "ஆத்தா, நான்தான்" என்று சொன்னேன். "சரிங்க" என்பாள். ஒரு தடவை ஆத்திரத்தில் தட்டைத் தள்ளிவிட்டேன். அதையும் பேயின் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். வசதியாக இல்லையா என்று தோழி கேட்டாள். இல்லை. இறந்துபோன ஒருத்திக்கு வைத்த சோற்றை நான் தின்பதுபோல இருந்தது.

பரீட்சை புதுக்கோட்டையில். தினமும் ஆத்தா கூடவே பஸ்ஸில் வந்தாள். என் தாவணி முடிச்சில் எலுமிச்சம்பழம். வாசலில் வாட்ச்மேன், "பழம் எதுக்கும்மா உள்ள?" என்று கேட்டதற்கு ஆத்தா, "அது வேணும்ங்க, இல்லாட்டி எழுதாது" என்றாள். அவர் விட்டுவிட்டார். கணக்குத் தாளில் மடக்கை வைத்துப் போடும் கேள்வி ஒன்று வந்தது. அட்டவணையைப் பார்த்ததும் கை நின்றது. ஐந்து நிமிஷம் ஒன்றும் எழுதவில்லை. பிறகு எழுதினேன்.

சித்திரையில் ஒரு நாள் மத்தியானம், வாத்தியாரின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆத்தா பயந்து உள்ளே போய்விட்டாள். அந்த அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

"எல்லாப் பரிச்சையும் எழுதுனாளா?" என்றார்.

எழுதினாள் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. எழுந்து நிம்மதியாகப் போயிருப்பார். நான் அதைச் சொல்லவில்லை.

"அத்தை, எழுதுனது நான். ஒங்க மக எம்மேல வரல. யாரும் வரல. எனக்கு மனசு சரியில்லாம இருந்துச்சு. அன்னைக்கும் இதத்தான் சொன்னேன், யாரும் கேக்கல."

அவர் அழவில்லை. "அவளுக்கும் அந்த மாசியில மனசு சரியில்லாமத்தான் இருந்துச்சு. சாப்புடாமக் கெடந்தா. நான் என்னன்னு கேக்கல. பரிச்சைப் பயம்னு நெனச்சேன்" என்றார். பிறகு எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, "நீ சொல்றது நெசமாவும் இருக்கலாம், பொய்யாவும் இருக்கலாம். ஆனா முடியக் குடுத்துறாத தாயி. எம் பொண்ணப் புளியமரத்துல ஆணி அடிச்சு வச்சிருக்குன்னு நான் அந்த வழியாப் போக முடியாது" என்றார்.

முடிவு பேப்பரில் வந்தது. அப்பா கடையில் வாங்கும் பேப்பரில், எறும்பு வரிசைபோல எண்கள். அப்பா விரலை வைத்து இரண்டு தடவை தேடினார். என் எண் இருந்தது. தோழியின் எண்ணும் இருந்தது.

ஆத்தா என்னை ஓரமாக இழுத்துப்போய் ரகசியமாகக் கேட்டாள்: "பாசானது நீயா, அதுவா?"

"நான்."

"இருந்தாலும்..." என்று இழுத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமா கோடாங்கியைக் கூட்டிவந்தார். புதுக் கத்தி, நீளமான ஆணி, மஞ்சள் துணி எல்லாம் தாம்பாளத்தில் இருந்தன. வைகாசிக்கு முகூர்த்தமும் பார்த்தாகிவிட்டது. நான் தலையை இறுகப் பின்னி, பின்னலைச் சுற்றிக் கொண்டை போட்டு, முற்றத்துத் தூணோடு தூணாக நின்றேன்.

"உக்காரு" என்றார் மாமா.

"மாட்டேன்."

"எறங்குறேன்னு சத்தியம் பண்ணிச்சே!"

"சத்தியம் பண்ணுனது அப்பா. நான் பரிச்சை எழுதணும்னுதான் கேட்டேன், வேற ஒண்ணும் சொல்லல. முடி என்னோடது. அதை வச்சு வாத்தியார் மகளை மரத்துல அடிக்க விடமாட்டேன்."

"கேட்டீங்களா, பேய் பேசுறத?" என்று மாமா கோடாங்கியிடம் திரும்பினார்.

"அப்படியே வச்சுக்கங்க. பேயின்னா பேயி. ஆனா முடியத் தொடாதீங்க."

மாமா ஒரு அடி முன்னால் வந்தார். நான் நகரவில்லை. பயமில்லை என்று சொல்லமாட்டேன். கையைப் பின்னால் கொண்டுபோய்த் தூணைப் பிடித்துக்கொண்டேன். அவர் நின்றுவிட்டார். என்னை அடிக்க அவருக்குத் தயக்கம் இருந்திருக்காது. எனக்குள் இருப்பதாக அவர் நம்பியதை அடிக்கத்தான் கை வரவில்லை.

"என்னங்க செய்யுறது?" என்றார் அப்பா.

கோடாங்கி தொழில் தெரிந்தவர். முரண்டு பிடிக்கும் இடத்தில் கத்தியை எடுக்கமாட்டார். கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டே, "இன்னும் ஏதோ ஆசை மிச்சம் இருக்கு. கேட்டுக் குடுத்துருங்க. அப்புறமாப் பாக்கலாம்" என்றார்.

"இன்னும் என்ன எழவு வேணும்?" என்றார் மாமா.

"புதுக்கோட்டையில வாத்தியார் டிரெய்னிங் சேரணும். கேக்குறது நான்தான் மாமா. நல்லாக் கேட்டுக்கங்க."

"பேய்க்கு எதுக்குடா டிரெய்னிங்!" என்று மாமா அப்பாவைப் பார்த்துக் கத்தினார். முற்றத்தில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அதில் ஒருத்தி என் தோழி. மாமா தாம்பாளத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனார். அந்த வாரமே அப்பா டிரெய்னிங் விண்ணப்பத்தை வாங்கி வந்தார். அவர் மகனுக்கு ஆவணியில் வேறு பெண் பார்த்தார்கள்.

நான் அவர்களை ஏமாற்றினேன் என்று இந்தக் கதையைக் கேட்ட சிலர் சொல்லியிருக்கிறார்கள். பாராட்டாகவே சொன்னார்கள். அது சரியல்ல. முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை, கேட்ட ஒவ்வொருவரிடமும் நான் உண்மையைச் சொன்னேன். அவர்கள் நம்பாததற்கு நான் பொறுப்பல்ல. பேய் சொன்னால் கேட்பார்கள், பெண் சொன்னால் கேட்கமாட்டார்கள் என்பது அவர்கள் வைத்திருந்த ஏற்பாடு, நான் வைத்ததல்ல.

அவனுக்காக அழுதது மட்டும் இதில் எதனாலும் நிற்கவில்லை. அடுத்த ஒரு வருஷமும் அவ்வப்போது வந்தது, பிறகு குறைந்தது. அதை விரட்ட யாரையும் நான் கூப்பிடவில்லை.

டிரெய்னிங்கில் சேர ஆனி மாதம் டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறினேன். அப்பா பெட்டியை மேலே ஏற்றிவிட்டார். எங்கள் ஊர்ப் பெண்கள் ஐந்தாறு பேர் முன்பே உட்கார்ந்திருந்தார்கள். நான் போய் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின் சீட்டுக்குப் போனாள். எதிரே இருந்த இருவரும் அங்கிட்டு நகர்ந்தார்கள். பஸ்ஸில் அன்று நல்ல கூட்டம். என்னைச் சுற்றி மட்டும் மூன்று பேர் இடம் காலியாக இருந்தது. ஜன்னலோரம் நகர்ந்து, காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டேன்.